ரெண்டே முக்கால் கை

ஐயய்யோ, பயப்படாதீங்கண்ணா. அது நிஜக் கை இல்ல. துணிதான். தொட்டுப் பாருங்க, உள்ள பூராவும் பழைய துணியும் தேங்கா நாரும். பையில முழுசாப் போகல, அதான் விரலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. திருச்சியில ஏறும்போதே கண்டக்டர் ஒரு மாதிரியாத்தான் பார்த்தாரு. டிக்கெட்டு ஒண்ணா ரெண்டான்னு வேற கேட்டாரு.

ஜன்னலோரம் குடுத்தீங்களே, அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும். வானம் மூடாக்கா இருக்கு, வெயிலு ஒரு பொட்டு இல்ல, உங்களுக்கும் இந்த ஓரம் நல்லாத்தான் இருந்திருக்கும். எனக்கு எதிர்ல வர்ற பஸ்ஸைப் பார்க்கணும். வலது கை ஓரமாப் போகும் பாருங்க, அந்தப் பஸ்ஸை. ஏன்னு சொல்றேன்.

நீங்களும் அறந்தாங்கிதானா? ரொம்ப நல்லதாப் போச்சு. நான் வாத்தியாருங்க. அறிவியல் வாத்தியாரு. பேரு சந்தானவேல். சேலத்துக்கிட்ட கஞ்சமலை அடிவாரத்துல கரட்டுப்புதூர்னு ஒரு ஊரு, அங்க உயர்நிலைப் பள்ளியில நேத்து வரைக்கும் இருந்தேன். திங்கக்கிழமையிலருந்து அறந்தாங்கி தாண்டி மணல்கோட்டை. மாறுதல். தண்டனை மாறுதல்னு அங்க எல்லாரும் பேசிக்கிறாங்க. எதுக்குத் தண்டனைன்னா இந்தக் கைக்குத்தான். இன்னும் சரியாச் சொன்னா, இந்தக் கையில ஒரு கால் பாகத்துக்கு.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சிருப்பேன்.

ஆனா எனக்கு இது தண்டனையே இல்லீங்கண்ணா. மணல்கோட்டையிலதான் எங்க வீட்டுக்காரம்மா இருக்கா. வசுமதி. அதே பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆச்சு. அதுல ஒரே வீட்டுல இருந்தது பதினோரு மாசம். பதினோராம் மாசம் அவளுக்கு வேலை உத்தரவு வந்துச்சு. கலந்தாய்வுல சேலம் பக்கத்துலயே நாலஞ்சு இடம் காலியாத்தான் இருந்துச்சு. இவ மணல்கோட்டைன்னு சொல்லிட்டா. கேட்டதுக்கு, பதட்டத்துல வாய் தவறிருச்சுன்னு சொன்னா. அவளுக்குப் பதட்டம் கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தப் பதினோரு மாசம் எப்படி இருந்தோம்ங்கறீங்க! சாப்பிடும்போது உப்பு போடுன்னு ஒரு நாள் நான் கேட்டதில்ல. சோடியம் குளோரைடு போடும்பேன். ரசம் வச்சா லிட்மஸ் தாளை நனைச்சு, பாரு, அமிலம்னு காட்டுவேன். வாசல்ல கோலம் போடுவா, பக்கத்துல நின்னு கால்சியம் கார்பனேட்டுன்னு எடுத்துக் குடுப்பேன். ஒரு நாள் என்னவோ அழுதுட்டிருந்தா. கண்ணீர்ல என்னென்ன உப்பு எவ்வளவு இருக்குன்னு வரிசையாச் சொன்னேன் பாருங்க, டக்குனு அழுகையை நிறுத்திட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. எந்த டாக்டரால முடியும்?

அப்படிப்பட்டவளைப் பிரிஞ்சு ஒம்பது வருஷம். கணவன் மனைவி ஒரே இடத்துல இருக்க முன்னுரிமை உண்டு. வருஷம் தவறாம மனு போட்டேன். ஒம்பது மனு. அவ ஒண்ணு கூடப் போடல. ரெண்டு பேரும் போட்டா யாரை எங்க மாத்தறதுன்னு ஆபீஸ்ல குழம்பிருவாங்கன்னு சொல்லிட்டா. என்ன விவரம் பாருங்க.

இதுல இன்னொண்ணும் இருக்கு. எங்க கரட்டுப்புதூர்ல தமிழ் ஐயா சேதுராமன்னு ஒருத்தரு. இந்தப் பக்கத்து ஆளு, அறந்தாங்கிக்காரரு. அவரு பொண்டாட்டி புள்ளை எல்லாம் இங்க, அவரு மட்டும் அங்க. வருஷா வருஷம் எங்கிட்டக் கெஞ்சுவாரு. "சார், உங்க வீட்டம்மா ஒரு கையெழுத்து போட்டாப் போதும். மனமொத்த மாறுதல்ல நான் அங்க போயிருவேன், அவங்க இங்க வந்துருவாங்க." மனமொத்த மாறுதல் தெரியுமில்லீங்களா? ஒரே வேலை பார்க்குற ரெண்டு பேரு மனசு ஒத்து, எடத்தை மாத்திக்கிறது. ஒம்பது வருஷமும் நான் வசுமதிக்கிட்டக் கேட்டேன். ஒம்பது வருஷமும் மாட்டேன்னுட்டா. படிக்கிற புள்ளைங்களைப் பாதியில விட்டுட்டு எப்படி வர்றதுங்கறா. கடமையில அப்படி ஒரு பிடிப்பு.

சரி, கைக்கு வர்றேன்.

போன ஆடி கடைசியில எங்க தலைமையாசிரியர் திருஞானம் என்னைக் கூப்பிட்டாரு. "சார், மேலருந்து ஒரு மேடம் ஆய்வுக்கு வர்றாங்க. அவங்க மனசு வச்சா உங்க பத்தாவது மனு நகரும். ஏதாவது புதுசாச் செஞ்சு காட்டுங்க, கண்ணு விரியணும்"னாரு. அவங்க கண்ணு விரிஞ்சது உண்மைதான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

நான் எடுத்துக்கிட்ட பாடம் இணைதிறன். ஒரு அணுவால எத்தனை பேரோட சேர முடியும்ங்கறது இணைதிறன். புள்ளைங்களுக்கு அப்படிச் சொன்னாப் புரியாது. அதனால கைன்னு சொல்லிக் குடுப்போம். ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஆக்சிஜனுக்கு ரெண்டு கை. எல்லாக் கையும் இன்னொரு கையைப் பிடிச்சிருக்கணும், சும்மா தொங்கக் கூடாது. தொங்குச்சுன்னா அந்த அணு நிம்மதியா இருக்காது, பக்கத்துல எது கிடைக்குதோ அதைப் பிடிச்சுக்கும். இதை நான் வகுப்புல நூறு தடவை சொல்லியிருக்கேன். நூறாவது தடவை சொன்னதுதான் வினையாப் போச்சு.

சாதாரணமா ஒரு சேர்மத்தை எடுத்திருக்கலாம். உப்பு எடுத்திருக்கலாம், ஒரு கை ஒரு கை, சோலி முடிஞ்சுது. எனக்கு மனசு கேக்கல. கஞ்சமலை மண்ணுல காந்தத்தை வச்சு இழுத்தீங்கன்னா கருப்பு கருப்பா ஒட்டிக்கிட்டு வரும். மேக்னடைட்டு. எங்க ஊரு சாமான். எஃப் ஈ மூணு, ஓ நாலு. மூணு இரும்பு, நாலு ஆக்சிஜன். இதுல இரும்புக்கு எத்தனை கை? நீங்களே கணக்குப் போடுங்க. ஆக்சிஜன் நாலு, ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு கை, மொத்தம் எட்டு. அந்த எட்டையும் மூணு இரும்பு பிடிக்கணும். எட்டை மூணால வகுங்க.

வராதுங்கண்ணா. ரெண்டு போக, மூணுல ரெண்டு பங்கு நிக்கும். ஒரு இரும்புக்கு ரெண்டு கையும், அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்குக் கையும். அப்படி எங்கயாவது கை இருக்குமா? இருக்காது. நெசம் என்னன்னா, மூணு இரும்பும் ஒண்ணு மாதிரி இல்ல. ரெண்டு இரும்புக்கு மும்மூணு கை. ஒரு இரும்புக்கு மட்டும் ரெண்டு. ஆறும் ரெண்டும் எட்டு. என்ன அழகு! வெளிய பார்த்தா ஒரே கல்லு, உள்ள ஒருத்திக்கு மட்டும் ஒண்ணு குறைச்சல், ஒருத்தருக்கும் தெரியாது.

ஏழு பொண்ணுங்களைப் பொறுக்குனேன். நாலு பேரு ஆக்சிஜன். மூணு பேரு இரும்பு: ரேணுகா, தேன்மொழி, கோகிலவாணி. டெய்லர் பச்சமுத்துக்கிட்டச் சொல்லி ரெண்டே ரெண்டு துணிக்கை தைச்சு வாங்குனேன். தோளுக்குக் கீழ கட்டிக்கலாம். நுனியில செருப்புல வருமே, கர்ர்னு பிரியுற ஒட்டுப் பட்டை, அதையும் வச்சுத் தைக்கச் சொன்னேன். ஆக்சிஜன் புள்ளைங்க மணிக்கட்டுலயும் அதே பட்டை. ஒட்டுனா ஒட்டுனதுதான். ரேணுகாவுக்கு மூணு கை, தேன்மொழிக்கு மூணு கை, கோகிலவாணிக்கு ஆண்டவன் குடுத்த ரெண்டு கை.

மறுநாள் காலையில பிரேயர் முடியல, கோகிலவாணியோட அம்மா தவமணி வந்து நிக்குது. அதுதான் பெற்றோர் குழுவுக்குத் தலைவி.

"ஏன் சார், எம்புள்ளைக்கு மட்டும் ஏன் ரெண்டு கை?"

"அம்மா, எல்லாருக்கும் ரெண்டு கைதானேம்மா"ன்னேன்.

"அப்ப ரேணுகாவுக்கு ஏன் மூணு? தேன்மொழிக்கு ஏன் மூணு? எங்க ஏரிக்கரைத் தெருன்னா எல்லாத்துலயும் ஒண்ணு குறைச்சலாத்தான் குடுப்பீங்க. தண்ணிக் குழாய் ஒண்ணு குறைச்சல். தெரு லைட்டு ஒண்ணு குறைச்சல். கடைசியில கையிலயுமா சார்?"

நான் எதுக்குத் தெருவைப் பார்க்கப் போறேன்? மூணு பேருல யாரோ ஒருத்திக்கு ரெண்டு வரணும். கோகிலவாணி எதையும் கேக்காத புள்ளை. குடுத்தாலும் வாங்கிக்கும், குடுக்காட்டியும் பேசாது. அதனால அவளுக்கு ரெண்டுன்னு வச்சேன். இதுல என்ன தப்பு? இதை அப்படியே தவமணிக்கிட்ட விளக்கிச் சொன்னேன். சொன்னதுக்கப்புறம்தான் அந்தம்மாவுக்கு நெசமாவே கோவம் வந்துச்சு.

"அப்ப வாயில்லாத புள்ளைன்னு தெரிஞ்சே குறைச்சிருக்கீங்க!"

அன்னைக்கே பெற்றோர் குழுக் கூட்டம். பதினெட்டுப் பேரு. ஜன்னல்ல ஒரு இருபது பேரு. நான் கரும்பலகையில எஃப் ஈ மூணு ஓ நாலு எழுதி முக்கால் மணி நேரம் விளக்குனேன். ஒரு பெரியவரு எந்திரிச்சு, "அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு சேர்த்துக் குடுத்துரு வாத்தியாரே, துணிதானே"ங்கறாரு. எப்படிக் குடுக்கறது? குடுத்தா ஒம்பது கை ஆயிரும். எட்டுதான் இருக்கணும். "அப்ப அந்த ரெண்டு பேருக்கிட்ட இருந்து புடுங்கு"ங்கறாங்க. புடுங்குனா ஆறு. ரேணுகாவோட அப்பா, "குடுத்த கையைத் திரும்ப வாங்குனா நடக்கறதே வேற"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டுறாரு.

தலைமையாசிரியர் நல்ல மனுசன். யாரும் சண்டை போடக் கூடாது அவருக்கு. "எட்டையும் மூணு பேருக்கும் சமமாப் பிரிச்சுருங்க சார்"னாரு. கூட்டம் மொத்தமும் கை தட்டுச்சு. ரெண்டும், மூணுல ரெண்டும். பச்சமுத்துவைக் கூப்பிட்டு விட்டாங்க. அவரு டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்து நின்னு யோசிச்சாரு.

"சார், அரைக்கை தெரியும். முக்கால் கை தெரியும். முழுக்கை தெரியும். மூணுல ரெண்டு கைன்னு முப்பது வருஷத்துல ஒருத்தரும் எங்கிட்டத் தைக்கக் குடுத்ததில்ல."

நான் வசுமதிக்குப் போன் போட்டேன். தமிழ் டீச்சர் இல்லீங்களா! "வசு, மூணுல ரெண்டு பங்குக்குத் தமிழ்ல ஒத்தை வார்த்தை என்ன?"ன்னு கேட்டேன். அதுக்கு அவ, "இல்லீங்க. கால் இருக்கு, அரை இருக்கு, முக்கால் இருக்கு. அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி வரைக்கும் பேரு இருக்கு. மூணாப் பிரிக்கிறதுக்கு மட்டும் பேரு இல்ல."

"அப்ப அதை எப்படித்தான் சொல்றது?"

"சிலதைச் சொல்லி விளங்க வைக்க முடியாதுங்க. நானும் ரொம்ப நாளாப் பார்த்துட்டேன்"னா. லைன் கட்டாயிருச்சு. மணல்கோட்டையில டவர் சரியாக் கிடைக்காது.

கடைசியில தீர்மானம் போட்டாங்கண்ணா. மினிட்டு நோட்டுல இருக்கு, நீங்க போய்ப் பார்க்கலாம். "இரும்புகள் மூன்றுக்கும் பாரபட்சமின்றித் தலா இரண்டே முக்கால் கை வழங்கப்படும்." எல்லாரும் கையெழுத்து. நானும் போட்டேன். ஏன் போட்டேன்னு கேளுங்க. தப்புன்னு எனக்குத் தெரியும். மூணு ரெண்டே முக்கால் எட்டே கால். கால் கை மீதி. கூட்டத்துலயே சொன்னேன், "சார், கால் கை இடிக்குது"ன்னு. தலைமையாசிரியர், "கை கணக்குல கால் எங்க சார் வந்துச்சு? குழப்பாதீங்க"ன்னுட்டாரு. அதுக்கு மேல நான் பேசல. மேடம் வரணும், நல்லபடியா நடக்கணும், மனு நகரணும், வசுமதியோட இருக்கணும். என் சர்வீஸ்ல வேதியியலுக்கு நான் பண்ணுன ஒரே துரோகம் அது. அவளுக்காகப் பண்ணுனேன்.

பச்சமுத்து மூணு முக்கால் கை தைச்சுக் குடுத்தாரு. அதுல ஒண்ணுதான் இது. பாருங்க, முழங்கைக்குக் கொஞ்சம் கீழயே விரலு வந்துருது.

ஆய்வு அன்னைக்குக் காலையில மேடம் வந்தாங்க. பூமாலை வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு ஒரு நல்ல பூத்துவாலை வாங்கிப் போர்த்துனோம், மெத்து மெத்துன்னு. மைதானத்துல ஏழு பொண்ணுங்களும் நின்னாங்க. நான் விசில் ஊதுனதும் ஒண்ணு சேர்ந்தாங்க. கர்ர், கர்ர்னு ஒட்டுது. நான் முன்னாடியே கண்டிசனாச் சொல்லி வச்சிருந்தேன், "நான் மணி அடிக்கிற வரைக்கும் யாரும் யாரையும் விடக் கூடாது. பிணைப்புன்னா பிணைப்பு." எட்டு ஆக்சிஜன் கையும் பிடிச்சாச்சு. அப்பத்தான் பார்க்குறேன். கணக்குல மீதி கால் கை. மைதானத்துல மீதி ஒரு கை. நிஜக் கை ஆறு, துணிக்கை மூணு, ஆக ஒம்பது. பிடிக்க இருந்தது எட்டு. கோகிலவாணியோட துணிக்கை தனியாத் தொங்குது. எந்தக் கைக்காக அவங்கம்மா சண்டை போட்டுச்சோ, அதே கை.

மேடம் அதைப் பார்த்துட்டாங்க. நல்ல விவரமான மேடம். கிட்ட வந்து, "ஏம்மா, இந்தக் கை மட்டும் ஏன் சும்மா இருக்கு?"ன்னு கேட்டாங்க.

எதையும் கேக்காத, எதையும் பேசாத புள்ளைண்ணா அது. அன்னைக்குத்தான் பேசுச்சு. "சும்மா இருக்காதுங்க மேடம். மீதிக் கை இருந்தா பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்களைப் பிடிச்சுக்கும்னு சார் சொல்லிக் குடுத்திருக்காரு"ன்னு சொல்லிட்டு ஒரு எட்டு முன்னால வச்சு, அந்தத் துணிக்கையை மேடம் தோள்ல போட்டுச்சு.

பூத்துவாலையும் அந்தப் பட்டையும் சேர்ந்தா எப்படி ஒட்டும்னு உங்களுக்குத் தெரியாது. மேடம் ஒரு அடி பின்னால போனாங்க. ஏழு பேரும் ஒரு அடி கூடப் போனாங்க. மேடம் வலது பக்கம் திரும்புனாங்க, ஏழு பேரும் திரும்புனாங்க. "விடும்மா"ங்கறாங்க. ஒருத்தியும் விடல. மணி அடிக்கலையே! துவாலையைக் கழட்டிரலாம்னா, தலைமையாசிரியர் மரியாதைக்கு ரெண்டு ஊக்கு வேற குத்தி விட்டிருந்தாரு, காத்துல விழுந்துரும்னு. மேடம் கார்ப் பக்கமா நடக்குறாங்க, மேக்னடைட்டு மொத்தமும் கூட நடக்குது. நான் ஓடிப்போய், "மேடம், இழுக்காதீங்க. வேதிப் பிணைப்பு லேசுல விடாது. நல்லாச் சூடு பண்ணுனாத்தான் பிரியும்"னு விளக்குனேன்.

மணியை அடிச்சிருக்கலாம்னு எல்லாரும் அப்புறம் சொன்னாங்க. மணி என் கையிலதான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்கண்ணா. ஒம்பது வருஷத்துல ஒரு அதிகாரி என் முன்னால அரை நிமிஷம் நின்னதில்ல. மனுவை நீட்டுனா நடந்துக்கிட்டே வாங்குவாங்க, நடந்துக்கிட்டே பக்கத்து ஆளுக்கிட்டக் குடுத்துருவாங்க. அன்னைக்கு மேடம் நிக்கிறாங்க. எங்கயும் போக முடியாது. நான் மணியைக் கீழ வச்சுட்டு, சட்டைப் பையிலருந்து பத்தாவது மனுவை எடுத்து, ரெண்டு கையாலயும் பணிவாக் குடுத்தேன். "மேடம், கணவன் மனைவி இணைதிறன் சம்பந்தமா..."ன்னு ஆரம்பிச்சேன்.

தப்பா நெனச்சுட்டாங்க.

பத்து நாள்ல குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துச்சு. "மாணவியரைக் கொண்டு உயரதிகாரியைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைத்து, சொந்தக் கோரிக்கைக்காக மனு அளித்தது." பிணைப்பு வேற, பிணைக்கைதி வேறன்னு படம் போட்டு, பதினாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதுனேன். படிச்சாங்களான்னு தெரியல. இந்தக் கை அதுக்குத்தான், விசாரணை வச்சா ஆதாரத்துக்கு வேணுமில்ல. நேத்து நான் கிளம்பும்போது கோகிலவாணிதான் கொண்டாந்து குடுத்துச்சு. "நீயே வச்சுக்கம்மா"ன்னேன். "வேண்டாங்க சார், எனக்கு ரெண்டே போதும்"னுச்சு. இதை அவங்கம்மா அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா?

இருங்க, பஸ்ஸு. இல்ல, இது டவுன் பஸ்ஸு.

போன செவ்வாக்கிழமை உத்தரவு வந்துச்சு. நிர்வாகக் காரணங்களுக்காக மாறுதல். எடம் எதுன்னு பார்க்குறேன், மணல்கோட்டை! அங்க அறிவியலுக்கு எடம் காலி. தூரமா எங்கயாவது தூக்கிப் போடுன்னு மேடம் சொல்லியிருப்பாங்க, கோப்புல என் மனு இருந்திருக்கும், தூரமான ஊரு பேரு ஒண்ணு அதுலயே இருக்குன்னு எழுதுனவரு எடுத்து எழுதியிருப்பாரு. எனக்கு நின்ன எடத்துல அழுகை வந்துருச்சுண்ணா. வெக்கமில்லாம அழுதேன். உப்புக் கணக்கெல்லாம் அன்னைக்கு ஞாபகம் வரல.

புதன்கிழமை காலையில வசுமதிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவளுக்குச் சந்தோசத்துல பேச்சே வரல. ரொம்ப நேரம் கழிச்சு, "நிச்சயமாத்தானா?"ன்னு கேட்டா. "உத்தரவு கையில இருக்கு"ன்னேன். "எப்பச் சேர்றீங்க?" "திங்கக்கிழமை." "சரி"ன்னா. அவ்வளவுதான். மறுபடி டவர் போயிருச்சு.

இன்னைக்குக் காலையில திருச்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், சேதுராமன் ஐயா போன்ல கூப்பிடுறாரு. அழுவுறாரு மனுசன். "சார், உங்க குடும்பமே நல்லா இருக்கணும் சார். உங்க வீட்டம்மா ஒத்துக்கிட்டாங்க சார். மனமொத்த மாறுதலுக்கு வியாழக்கிழமை கையெழுத்து போட்டாங்க, அவங்களே நேர்ல போய் நின்னு ரெண்டே நாள்ல உத்தரவு வாங்கிட்டாங்க. இன்னைக்கு முதல் பஸ்ஸுல அறந்தாங்கியிலருந்து கிளம்புறாங்க. திங்கக்கிழமை கரட்டுப்புதூர்ல சேர்றாங்க."

ஆமாங்கண்ணா. நான் இருந்த ஊருக்கு. நான் இல்லாத ஊருக்கு.

நான் சொன்னதை மறந்துட்டா. வேற என்ன? எங்கூட இருக்கணும்ங்கற ஆசையில, நான் எங்க இருக்கேன்னே மறந்துட்டா. பதட்டம். முதல்லயே சொன்னேனே, பதட்டத்துல எடத்தை மாத்திச் சொல்லிருவான்னு. போன் பண்ணுனேன், எடுக்கல. பதினேழு தடவை பண்ணுனேன். பஸ்ஸு சத்தத்துல கேட்டிருக்காது.

என்னண்ணா விரல் விட்டு எண்ணுறீங்க? செவ்வாய் உத்தரவு. புதன் நான் சொன்னேன். வியாழன் அவ கையெழுத்து. ஆமா, சரிதான். இதுல என்ன கணக்கு இருக்கு? ஒம்பது வருஷம் மாட்டேன்னவ ஒரே ராத்திரியில சரின்னா, அது அன்புதானே. தெரிஞ்சதை வச்சுத் தெரியாததைக் கண்டுபிடிக்கணும், அதுதான் முறை. நான் பசங்களுக்கு அதைத்தான் சொல்லிக் குடுப்பேன். தெரியாதது எதுவும் இதுல இல்லீங்களே.

நீங்க எதுக்கு என் கையைப் பிடிக்கிறீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல.

அந்தா! அந்தா வருது பாருங்க, பச்சைப் பஸ்ஸு. திருச்சின்னு போர்டு. அவளேதான், நேரம் சரியா இருக்கு. அந்தக் கையை எடுங்க, சீக்கிரம், பையோட வேணாம், கையை மட்டும். குடுங்க. இதுதான் நீளமாத் தெரியும். வசு! வசு! இங்க பாரு!

என்ன கண்டக்டர் சார்? தெரியும் சார், எழுதியிருக்கு, நானும் படிச்சவன்தான். கரம் சிரம் புறம் நீட்டக் கூடாது. இது கரம் இல்ல சார். முக்கால் கைதான் சார். ஒரு நிமிஷம் சார். வசு!

போயிருச்சு.

பார்த்தாண்ணா. நீங்க பார்த்தீங்களா? மூணாவது ஜன்னல்ல ஊதாச் சேலை. அவதான். இந்தக் கையைத்தான் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. பார்த்துட்டு ஷட்டரை இறக்கி விட்டுட்டா.

வெயிலுண்ணா. அவளுக்கு வெயிலு ஒத்துக்காது.